பேரி மரத்து வளைவைத் தோண்டிப் பார்

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் இரண்டு தடவை வாசல் தெளித்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. காய்ந்து மடித்து வைத்த துணியைக் கொண்டுபோய் மறுபடி ஊறப் போட்டுவிட்டு, பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. மொட்டை மாடிக்கு ஏறி மலையைப் பார்ப்பதும் இறங்கி வருவதுமாகப் பொழுது போகிறது. பாலசமுத்திரத்தில் வெயில் அடிக்கிறது. மேலே மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது; ஐப்பசி அல்லவா, உன் பக்கம் மழை பிடித்துவிட்டதோ என்னவோ. இன்று மட்டும் உன்னை மூன்று முறை கூப்பிட்டேன். முதல் முறை சாப்பிட்டாயா என்று கேட்டேன். இரண்டாம் முறை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள் என்றேன். மூன்றாம் முறை நீயே, "என்னம்மா, என்னமோ சொல்ல வர்ற, சொல்ல மாட்டேங்குற" என்று கேட்டாய். நான் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட சேதியைச் சொல்லி வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாய் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தால் அப்படித் திரும்ப முடியாது என்றுதான் உன் பழைய பரீட்சை நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எடுத்திருக்கிறேன்.

நீ நேற்று என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதுகிறேன், நான் தவறாகக் கேட்டிருக்கக் கூடாது என்பதற்காக. "ம்மா, மேல்மலை ரோட்ட அகலப்படுத்துறதுக்கு ரிப்போர்ட் எழுதி முடிச்சாச்சு. பழைய ரோடு பூராத்தையும் தோண்டி அடியிலருந்து புதுசா போடணும். ஆனா அப்பா சிமெண்ட் கலந்து கெட்டிப்படுத்துன அந்த முன்னூறு அடிய மட்டும் தொட வேணாம்னு எழுதிட்டேன். ஓடையிலருந்து பேரி மரத்து வளைவு வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும், அது மேலயே போட்டுக்கலாம். திங்கக்கெழம கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவேன்." சொல்லும்போது உன் குரலில் இருந்த பெருமை எனக்குத் தெரியாதா என்ன. அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்து அவருக்கு நீ ஒரு மாலை போட்டதைப் போல இருந்தது. நான் என்ன சொன்னேன், "நல்லதுப்பா" என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நல்லது இல்லை, தம்பி. பாதிக் கடிதத்தில் உனக்கு வேலை வந்து நீ எழுந்து போய்விடக் கூடும் என்பதால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த முன்னூறு அடியில் ஓடைப் பக்கம் இருக்கிற இருநூறு அடி நிற்கும். கடைசி நூறு அடி, அதாவது பேரி மரத்து வளைவு, நிற்காது. அதன் அடியில் நீ நம்புகிற கெட்டி மண் இல்லை. மேலே கட்டி கட்டியாக, உள்ளே உதிரியாக, வெறும் மணலைவிடக் கொஞ்சம் மேலான ஒன்றுதான் இருக்கிறது. இதுவரை ஒரு பஸ்ஸும் நாலு ஜீப்பும் பூண்டு ஏற்றிய வேன்களும் போனதால் தாங்கியது. நீ அகலப்படுத்தினால் பெரிய லாரிகள் வரும், டூரிஸ்ட் பஸ் வரும், பள்ளிக்கூட வேன் வரும். வளைவின் வெளிப்பக்கம் எவ்வளவு பள்ளம் என்று உனக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் உன் கையெழுத்து இருக்கும். அந்த இடம் ஏன் அப்படி ஆயிற்று என்பது உன் அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவள் நான்.

இப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுதிவிட்டதைத் திரும்பப் படிக்கப் பயமாக இருக்கிறது, அதனால் படிக்காமல் மேலே போகிறேன்.

நீ அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய், சித்தி வீட்டில். நானும் அப்பாவும் மேல்மலையில் அந்த வேலைக்காக ஆறு மாதம் தகரக் கொட்டகையில் இருந்தோம். அவர் மேஸ்திரி. நான் பேருக்குச் சமையல், உண்மையில் எல்லாம். பன்னிரண்டாவது படித்தவள் என்பதால் ஆட்கள் வருகை எழுதுவது, மண் சாம்பிள் பைகளில் சீட்டு எழுதி ஒட்டுவது, ஆபீசர் வந்தால் ரெஜிஸ்டரை நீட்டுவது எல்லாம் என் கையில். ரோடு போகிற வழியில் ஓடை அடித்துக்கொண்டு வந்து போட்ட மணல் மேடு ஒன்று இருந்தது. ஈரமாக இருக்கும்போது கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், காய்ந்தால் ஊதினாலே போய்விடும். அந்த மண்ணில் ரோடு போட்டால் முதல் மழையிலேயே ஓரம் சரியும் என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். அதை முழுக்க அள்ளிப் போட்டுவிட்டு வேறு மண் கொண்டுவர லாரி ஏற வழியில்லை, ரோடே அப்போதுதானே போடுகிறோம். இருக்கிற மணலையே கெட்டிப்படுத்தியாக வேண்டும்.

உடுமலைப் பக்கம் கரிசல் மண்ணில் வேலை பார்த்துவிட்டு வந்த நாலு பேர் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குச் சுண்ணாம்பைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. "சுண்ணாம்பு போட்டா எந்த மண்ணும் எறுகிப்போகும் மேஸ்திரி" என்று தினமும் வந்து நின்றார்கள். உன் அப்பா சண்டை போடவில்லை. அவர்தான் யாரோடும் சண்டை போட மாட்டாரே, அந்த வேலையையும் என்னிடமே விட்டிருந்தார். இரண்டு சாப்பாட்டுத் தட்டை எடுத்தார். ஒன்றில் அந்த மணலோடு சுண்ணாம்பு, இன்னொன்றில் அதே மணலோடு சிமெண்ட், இரண்டிலும் கொஞ்சம் தண்ணீர். இடித்து வைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் இலையில்தான் சாப்பாடு. எட்டாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு தட்டையும் வாளித் தண்ணீரில் கவிழ்த்தார். சுண்ணாம்பு கலந்தது பொலபொலவென்று கரைந்துபோனது. சிமெண்ட் கலந்தது வடை மாதிரி அப்படியே கிடந்தது. "களிமண்ணு இருந்தாத்தான் சுண்ணாம்புக்குச் சோலி. வெறும் மணலுக்கு இதாம்ப்பா" என்றார். கரிசல்காரர்களே போய்ச் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ இதை இன்னும் பெரிய வார்த்தைகளில் படித்திருப்பாய். அவர் தட்டில் படித்தார்.

அந்த வாளியை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் தேவைப்படும்.

சிமெண்ட் வேலையில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கதைக்காகச் சொல்கிறேன். மூட்டையை உடைத்து மண்ணில் கலந்து தண்ணீர் காட்டிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் மட்டம் பண்ணி ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் சிமெண்ட் தன்பாட்டுக்கு இறுக ஆரம்பித்துவிடும். இறுகினபிறகு ரோலர் ஓட்டினால் பிடித்த பிடியெல்லாம் உடையும், மறுபடி பிடிக்காது. பார்வைக்கு வழவழவென்று நன்றாகவே இருக்கும், அதுதான் அதில் இருக்கிற வஞ்சனை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, இப்போதும் இருக்கும். ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் பிணம் எல்லை தாண்டும்வரை யாரும் மண்ணில் இரும்பைப் போட மாட்டார்கள். மண்வெட்டி, கடப்பாரை எதையும் தொட மாட்டார்கள். அந்த வழியில் சக்கரம் உருளாது. பூண்டு பறிக்கிற நாளாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் வேலையாட்களில் பாதிப் பேர் அந்த ஊர்தான், ரோலர் டிரைவரும் அந்த ஊர் மாப்பிள்ளை. அந்த வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். நாங்கள் வந்த புதிதில் கொட்டகை போட இடம் கொடுத்தவர், உன் அப்பாவைத் தம்பி என்று கூப்பிடுகிறவர். அன்று காலையில் அவரைப் பார்க்கக் கிளம்பின அப்பா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: "இந்தா, நான் வந்து சொல்றவரைக்கும் மூட்டைய ஒடைக்க விடாத. அங்க என்ன நெலமைன்னு பாத்துட்டு வந்துர்றேன். வெரசா வந்துருவேன்." அவ்வளவுதான் அவர் சொன்னது. சின்னக் குழந்தைக்கும் விளங்கும்.

எனக்கும் விளங்கியது. ஆனால் அன்றுதான் முதன்முதலாக அவர் வேலையிடத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். ஆட்கள் வந்து வரிசையாக நின்று, "என்ன செய்யட்டும் மேஸ்திரியம்மா" என்று கேட்டார்கள். அந்த வார்த்தையை அதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை, தம்பி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரியவர் மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறார், இன்று மட்டும் என்ன அவசரமாகப் போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா வரும்போது வளைவு முடிந்து கிடக்க வேண்டும், அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேகமும் திரண்டு வந்தது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். "ஒடைங்க" என்றேன். மூட்டைகள் உடைந்தன. மண்ணோடு கலந்து தண்ணீரும் காட்டியாயிற்று. ரோலர் டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். மேலே ஊருக்குள் இருந்து சங்கு ஊதினார்கள்.

ஒருவர் பின் ஒருவராக மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் மேலே ஏறிப் போனார்கள். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இனிமே சக்கரம் உருளக் கூடாதுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். யாரையும் நான் குறை சொல்ல முடியாது. கலந்துபோட்ட நூறு அடி மண்ணும் நானும்தான் அங்கே நின்றோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாக்குகளை நனைத்து நனைத்துப் போட்டேன், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தே போட்டேன். மதியம் தாண்டி, சுடுகாட்டுக்கு வேறு வழியில்லாததால், பாடை அந்த வளைவு வழியாகவே வந்தது. உன் அப்பா முன்பக்கம் தோள் கொடுத்து வந்தார். குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாடையோடு நடந்து போனார்.

சுடுகாட்டில் இருந்து ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். "அந்தக் கலவையப் பூரா அள்ளி வெளிய போடச் சொன்னாருங்க. நாளைக்குப் புதுசாப் பாத்துக்கலாமாம். ஒண்ணும் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க." கடைசி வரியைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டு அள்ளிப் போட்டிருப்பேன். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாமாம். இனி ஆட்கள் முன்னால் அந்த நூறு அடியை அள்ளினால், மேஸ்திரியம்மா கெடுத்ததை மேஸ்திரி அள்ளச் சொன்னார் என்றல்லவா பேச்சு வரும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஆட்கள் திரும்பி வந்தபோது மணி நாலு. பெண்கள் வரிசையில் முன்னால் நிற்கிற அக்கா ஒரு கட்டியைக் கையில் எடுத்து நசுக்கினாள். "இது பிஸ்கட்டு மாதிரி உதிருதே தாயி" என்றாள். டிரைவர், "மேஸ்திரி எடுக்கச் சொன்னாருல்லங்க" என்றார். நான், "அவருகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க ஓட்டுங்க" என்றேன். நிறையத் தண்ணீர் அடித்தேன். ரோலர் போய் வந்து போய் வந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது அந்த வளைவு. அதற்குமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொன்னேன்.

பெரியவர் வீட்டில் இருந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் அப்பா துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "எடுத்தாச்சா?" என்றார். "எடுத்துட்டு, புதுசா கலந்து, ரோலரும் ஓட்டியாச்சுங்க" என்றேன். சாக்கைத் தூக்கிப் பார்த்தார், காலால் தட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, "நானே நின்னுருந்தாக்கூட இம்புட்டு வெரசா முடிச்சிருக்க மாட்டேன்" என்றார். உன் அப்பா எல்லோருடைய வேலையையும் கடப்பாரை போட்டுச் சரிபார்ப்பார், உனக்குத் தெரியும். சொந்தத் தம்பி வேலையைக்கூட விட்டதில்லை. அவர் சரிபார்க்காத ஒரே ஆள் நான்தான்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வளைவுக்கென்று தனியாக மூன்று உருளைகள் அச்சில் பிடித்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலை, ஓடைப் பக்கத்து இடத்துக்கு அவரே நின்று கலந்தார். அந்த நல்ல கலவையில் இருந்து மூன்று உருளை பிடித்து, அதன்மேல் "பேரி மரத்து வளைவு" என்று என் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டி அனுப்பினேன். பாஸ் என்று வந்தது. இரண்டை அங்கே நசுக்கிவிட்டார்கள், மூன்றாவது முழுசாகத் திரும்பி வந்தது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்கு அண்டை கொடுத்தார். அதில் கால் இடித்துக்கொண்டு நீ எத்தனை தடவை கத்தியிருப்பாய். வேலைக்குச் சேர்ந்தபோது அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பெருமாள்மலை ஆபீசில் மேசைமேல் வைத்திருக்கிறாய். வருகிறவர்களிடம், "இது எங்கப்பா போட்ட வளைவு" என்று எடுத்துக் காட்டுகிறாயாம், உன்னோடு வேலை பார்க்கிற பெண் என்னிடம் சொன்னாள். அது அந்த வளைவு இல்லை, தம்பி. அவர் கலந்த மண்தான், சந்தேகமில்லை. ஆனால் வேறு இடம்.

மழை இங்கேயும் வந்துவிட்டது. துணியை எடுக்க ஓடினேன், ஊறப் போட்டது இன்னும் வாளியிலேயே கிடக்கிறது. சரி, இனி வருவதுதான் எனக்குக் கஷ்டமானது. இதுவரை எழுதியதை ஒருவேளை நான் உன்னிடம் என்றைக்காவது சொல்லியிருப்பேன். இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழைக்குப் பின் வளைவின் வெளி ஓரம் ஒரு சாண் இறங்கியது. ஆபீசில் இருந்து கூப்பிட்டு விட்டார்கள், நானும் கூடப் போனேன். அவர் அங்கே குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ கேட்கப் போகிறார், கேட்டால் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, "தப்பு என்னோடதுதான். உள்பக்கம் வடிகாலுக்கு வாட்டம் சரியாக் குடுக்கல, தண்ணி அடியில பூந்துருச்சு" என்றார். ஆபீசர் முன்னால் சொன்னார். கலவையைப் பற்றி அவருக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அதை நான் செய்தேன். ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டு நாள் அங்கேயே தங்கி, ஆள் வைக்காமல் தன் கையால் அந்த வடிகாலைப் புதுசாக வெட்டினார். நான் மண்ணை அள்ளிக் கொட்டினேன். கொட்டிக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த வேலைக்குப் போனாலும் வடிகாலைப் பற்றி ஒரு பதற்றம் வந்துவிட்டது. மட்டக் குழாயை வைத்து வைத்துப் பார்ப்பார். வெள்ளனே எழுந்துபோய்த் தனியாக ஒருமுறை பார்ப்பார். பஸ்ஸில் அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டி, நிற்கிறதா என்று பார்ப்பார். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வேன். உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு வட்டக்கானல் போனோமே, அன்று அவர் சந்தோஷமாக இருந்தார், சொல்லிவிடலாம் என்று, "என்னங்க, அந்த வளைவு இருக்குல்ல" என்று ஆரம்பித்தேன். "ஆமா, அதுல நான் கோட்ட விட்டுட்டேன்ல" என்று சிரித்தார். எனக்கு டீ வேண்டும் என்று சொன்னேன். எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த டீயைக் குடித்தேன். என் வாழ்க்கையில் என்னை நானே வெறுத்தது அந்த ஒரு வேளைதான் என்று சொன்னால் பொய், ஆனால் அதிகம் வெறுத்தது அன்றுதான்.

நீ அந்த வடிகால் கதையை அவர் வாயால் கேட்டு வளர்ந்தாய். காரியத்தன்று வந்திருந்த உன் நண்பர்களிடம், "எங்கப்பா முப்பது வருச சர்வீஸ்ல ஒரே ஒரு தப்பு பண்ணாரு, அதையும் ஆபீசர் முன்னால ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லிக் கண் கலங்கினாய். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் உள்ளே போய் அரிசியைக் களைய ஆரம்பித்தேன். இப்போதும் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

தாய் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. எனக்கு அந்த யோக்கியதை இல்லை, இருந்தாலும் பழக்கம் விடுமா. ரெஜிஸ்டரில் ரொம்ப அழகாக எழுதியிருக்கிற இடத்தை முதலில் தோண்டிப் பார். உனக்குப் பிரியமானவர்கள் செய்த இடத்தை அதற்கும் முன்னால் தோண்டிப் பார். உன் ஆட்களில் யாராவது தப்பு செய்துவிட்டால் பெருந்தன்மையாக மன்னிப்பதற்கு முன்னால் கொஞ்சம் திட்டு. திட்டு வாங்கினவன் அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவான். பாராட்டை மெதுவாகக் கொடு. அப்புறம் வேளைக்குச் சாப்பிடு, அந்தத் தாடியை எடு. போதும்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். ஒரு மாதம் பேசாமல் இரு, இரண்டு மாதம் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் என்னைக் காப்பாற்றுவதற்காக இந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு ஏதோ காரணம் எழுதி அந்த நூறு அடியைத் தோண்டிவிடாதே. உனக்கு அந்தப் புத்தி வரும், நீ என் பிள்ளை, ஆகவேதான் சொல்கிறேன். உன் ஆபீசில் எல்லோரும் இதைப் படிக்கட்டும். அந்த டீ வாங்கிவரும் தம்பியும் படிக்கட்டும். மேல்மலையில் அந்த அக்கா இன்னும் இருந்தால் அவளுக்கும் படித்துக் காட்டு, அவள் கையில் எடுத்து நசுக்கியது சரி என்று யாராவது ஒருவர் அவளிடம் சொல்ல வேண்டும்.

யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. பழனியில் முதல் பஸ்ஸைப் பிடித்து நானே வருகிறேன், இதை உன் கையில் கொடுத்துவிட்டு நீ படித்து முடிக்கிறவரை பெருமாள்மலை டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறதே என்று சொல்லாதே. நீ வரும்போது ஒரு கடப்பாரையும் ஒரு வாளியும் எடுத்துக்கொள், மேசைமேல் இருக்கிற உருளையையும் எடுத்துக்கொள். உன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா. வளைவுக்குப் போவோம். எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று நான் காட்டுகிறேன், பேரி மரத்தில் இருந்து பதினைந்து எட்டு வைத்தால், வெளி ஓரம். அங்கே ஒரு கட்டி எடு. வாளித் தண்ணீரில் அதையும் போடு, இந்த உருளையையும் போடு. உருளை அப்படியே கிடக்கும், அது உன் அப்பா கலந்தது. மற்றது கரையும். கரைகிறவரை யாரும் அங்கிருந்து நகர வேண்டாம், நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

பிறகு ரிப்போர்ட்டைத் திருத்து. காரணம் என்ற இடத்தில் மேஸ்திரியம்மா என்று எழுது. தோண்டும்போது வடிகாலை மட்டும் உடைக்காமல் பார்த்துக்கொள். இனிமேல் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லாதே, தம்பி. நாளை ஓடைப் பக்கம் அவர் மறுபடி வெட்டாமல் விட்ட பழைய வடிகாலில் நீயே மட்டம் வைத்துப் பார்த்துக்கொள், உன் அப்பா அந்த வடிகாலை முதல் தடவையே சரியாகத்தான் வெட்டியிருந்தார்.

அம்மா